ஸ்மார்ட் வாட்ச்சா, முள் வாட்ச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ச் வாங்க வருபவர்களும் ரிப்பேருக்குக் கொண்டுவருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். "முள் வாட்ச்" என்று சொல்லும் இடங்களில் செல்லில் ஓடுவது, சாவி கொடுப்பது, ஆட்டோமேட்டிக் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

1. போன்லயே டைம் தெரியுது. இப்பல்லாம் யாராவது வாட்ச் கட்டுறாங்களா?

கட்டுகிறார்கள். ஆனால் மணி பார்ப்பதற்காக மட்டும் கட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு பக்கம் நடை, இதயத் துடிப்பு, போன் அழைப்பு என்று உடம்போடும் போனோடும் சேர்ந்து வேலை செய்யும் கருவியாக வாட்ச் மாறிவிட்டது. இன்னொரு பக்கம் நகை மாதிரி, அப்பா கொடுத்த பொருள் மாதிரி, பல வருஷம் கூடவே இருக்கும் ஒன்றாக அது நிற்கிறது.

இந்த இரண்டு பக்கமும் உயிரோடுதான் இருக்கின்றன. 2019-ல் ஆப்பிள் வாட்ச் சுமார் 3.1 கோடி விற்பனைக்குப் போனதாகவும், மொத்த சுவிஸ் வாட்ச்களும் சேர்ந்து சுமார் 2.1 கோடிதான் போனதாகவும் ஒரு மதிப்பீடு வந்தபோது, முள் வாட்ச்சின் கதை முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். நான்கு வருஷம் கழித்து, 2023-ல், சுவிஸ் வாட்ச் ஏற்றுமதி 2,670 கோடி ஃபிராங்க் என்ற உச்சத்தைத் தொட்டது. எண்ணிக்கை குறைந்தது, மதிப்பு கூடியது. நம் ஊரில் 2022, 2023-ல் மலிவு ஸ்மார்ட் வாட்ச்கள் கண்டபடி விற்றன. 2024-ல் அந்த விற்பனை இறங்கியது. முதல் வாட்ச் இரண்டு வருஷத்தில் கைவிட்டதால், அடுத்ததை யோசித்து வாங்குவோம் என்ற மனநிலைக்குப் பலர் வந்திருக்கிறார்கள்.

2. குவார்ட்ஸ், ஆட்டோமேட்டிக், ஃபிட்னஸ் பேண்ட், ஸ்மார்ட் வாட்ச்... என்ன வித்தியாசம், கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க.

சாவி வாட்ச்சில் ஒரு சுருள்வில் இருக்கிறது. நாம் முறுக்கிவைக்கும் விசை மெதுவாக அவிழ்ந்து பற்சக்கரங்களை ஓட்டுகிறது. ஆட்டோமேட்டிக்கும் அதேதான், கை அசையும்போது உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று அந்த வில்லைத் தானே முறுக்கிவிடும். குவார்ட்ஸ் என்பது செல் போட்ட வாட்ச். உள்ளே ஒரு சின்னப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை ஒரு சிப் எண்ணி, வினாடிக்கு ஒரு முறை முள்ளைத் தள்ளுகிறது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969 டிசம்பர் 25-ல் சீகோ வெளியிட்ட ஆஸ்ட்ரான்.

ஃபிட்னஸ் பேண்ட் என்பது சென்சாரும் சின்னத் திரையும் கொண்ட பட்டை. ஸ்மார்ட் வாட்ச் அதைவிடப் பெரிது. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. கேள்வி 5-ல் அதைப் பார்க்கலாம்.

3. எதுல டைம் ரொம்ப கரெக்டா இருக்கும்?

போனோடு இணைந்திருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சில்தான். அது நெட்வொர்க் நேரத்தை எடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இணைப்பே இல்லாமல் மேஜையில் வாரக்கணக்கில் கிடந்தால் அதுவும் சாதாரணக் குவார்ட்ஸ் மாதிரி நகர்ந்துவிடும்.

நல்ல குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 முதல் 20 வினாடி முன்பின் போகும். கேசியோ எஃப்-91டபிள்யூவுக்கு நிறுவனமே மாதத்துக்கு 30 வினாடி என்றுதான் சொல்கிறது. ஆட்டோமேட்டிக்கில் கணக்கு மாதத்துக்கு அல்ல, நாளுக்கு. பல வாட்ச்களில் வரும் சீகோவின் என்எச்35 மெஷினுக்கு ஒரு நாளில் 20 வினாடி பின்தங்கலாம், 40 வினாடி முந்தலாம் என்பதே கம்பெனி அளவு. ஆகவே ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டு, நாளுக்கு 15 வினாடி வேகமாக ஓடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அது பழுதில்லை.

4. ஸ்மார்ட் வாட்ச் எத்தனை வருஷம் வரும்?

தினமும் கட்டினால் மலிவு மாடல் 2 வருஷம், நல்ல மாடல் 4, 5 வருஷம் என்று எதிர்பாருங்கள். பெரும்பாலும் முதலில் சோர்வது பேட்டரி. உள்ளே இருப்பது சில நூறு மில்லியாம்ப்-மணி கொள்ளளவுள்ள குட்டி லித்தியம் பேட்டரி. தினம் ஒரு முறை முழுதாகக் காலியாகி நிரம்பினால், சில நூறு சுற்றுகளில் அதன் கொள்ளளவு இறங்கத் தொடங்கும். 1,000 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும்படி செய்திருக்கிறோம் என்று ஆப்பிள் சொல்கிறது. மலிவு வாட்ச்களில் அப்படி எந்த வாக்குறுதியும் இருக்காது. பேட்டரியை மாற்றலாம் என்றாலும் திரை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பிரித்து ஒட்டும் கூலி, பல நேரம் வாட்ச் விலையில் பாதிக்கு வந்து நிற்கும்.

இரண்டாவது, ஆப். கம்பெனி ஆப்பையும் சர்வரையும் நிறுத்திவிட்டால், பழுதே இல்லாத வாட்ச்சும் முடங்கும். பெப்பிள் என்ற வாட்ச்சுக்கு இதுதான் நடந்தது. 2016 டிசம்பரில் அதை ஃபிட்னஸ் பேண்ட் கம்பெனியான ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூனில் ஆதரவு நின்றது. ஆர்வலர்கள் சேர்ந்து சொந்தமாகச் சர்வர் நடத்தியதால்தான் அந்த வாட்ச்கள் அதற்குப் பிறகும் முழுதாக ஓடின.

வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நின்னா யார் சரிபண்ணுவாங்க?" முள் வாட்ச்சுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிப்பேர் கடையே பதில். ஸ்மார்ட் வாட்ச்சுக்குச் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், வாரண்டி முடிந்தபின் பேட்டரிக்கு எவ்வளவு என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் வரும் எந்த அம்சத்தையும்விட இந்தப் பதில் முக்கியம்.

5. 2,000 ரூபாய்க்கும் ஸ்மார்ட் வாட்ச், 30,000 ரூபாய்க்கும் ஸ்மார்ட் வாட்ச். பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?

வெளியே ஒரே மாதிரி, உள்ளே வேறு. விலை குறைந்ததில் ஒரு எளிய மென்பொருள் ஓடுகிறது. கம்பெனி போட்டுக்கொடுத்ததுதான் இருக்கும், புதிய ஆப் ஏற்ற முடியாது. புளூடூத்தில் பேசலாம், நோட்டிஃபிகேஷன் பார்க்கலாம், நடையை எண்ணலாம். ஜிபிஎஸ் பல மாடல்களில் இருக்காது; போனின் ஜிபிஎஸ்ஸைத்தான் பயன்படுத்தும். வேலை குறைவாக இருப்பதால் சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். விலை கூடியது ஒரு குட்டிப் போன். ஆப் ஏற்றலாம், சென்சார் தரமாக இருக்கும், சிலவற்றில் ஈசிஜி, இ-சிம் (போன் பக்கத்தில் இல்லாமலே பேச உதவும், உள்ளேயே பதித்த சிம்) உண்டு. ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும்.

உங்கள் போன் எது என்பதும் முக்கியம். ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் வேலை செய்யும். சாம்சங்கின் கேலக்சி வாட்ச் 4 முதல் வந்தவை ஆண்ட்ராய்டோடு மட்டும். பரிசாகக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, மறுநாளே மாற்ற வந்து நிற்பார்கள்.

6. டப்பால 7 நாள்னு போட்டிருக்கான், 3 நாள்லயே சார்ஜ் தீருது. ஏமாத்துறானா?

அந்த 7 நாள், திரை எப்போதும் எரியும் வசதியை அணைத்து, புளூடூத் அழைப்பில்லாமல், வெளிச்சத்தைக் குறைத்து, சென்சாரை இடைவெளிவிட்டு ஓடவைத்து எடுத்த கணக்கு. நீங்கள் தினம் அரை மணி நேரம் வாட்ச்சிலேயே பேசினால் பாதிகூட வராது.

சார்ஜ் தின்பவை வரிசையாக: எப்போதும் எரியும் திரை, புளூடூத் அழைப்பு, ஜிபிஎஸ், தொடர்ந்து ஆக்ஸிஜன் அளப்பது, கையைத் தூக்கினால் திரை எரிவது. முதலில் நோட்டிஃபிகேஷனைக் குறையுங்கள். வாட்ஸ்அப் குரூப் ஒவ்வொன்றும் கையை அதிரவைத்தால் எந்தப் பேட்டரியும் தாங்காது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டிலும் பைக் சீட்டின் அடியிலும் வாட்ச்சை வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு சூட்டைப் போல எதிரி கிடையாது.

7. ஹார்ட் ரேட், ஆக்ஸிஜன், பிபி எல்லாம் காட்டுதே, நம்பலாமா?

ஒவ்வொன்றையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். வாட்ச்சின் அடியில் எரியும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு திரும்பிவரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத்தான் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நல்ல வாட்ச் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். எடை தூக்கும்போதும், கையை இறுக்கிப் பிடித்துச் சைக்கிள் ஓட்டும்போதும் தடுமாறும். மணிக்கட்டு எலும்பை விட்டு ஒரு விரல் அகலம் மேலே, நகராத அளவுக்கு இறுக்கமாகக் கட்டினால் பாதிப் பிழை போய்விடும். அந்த இடத்தில் கருத்த பச்சை குத்தியிருந்தால் சென்சாருக்கு ஒளி சரியாகத் திரும்பாது.

ஆக்ஸிஜன் சிவப்பு மற்றும் அகச்சிவப்பு ஒளியில் அளக்கப்படுகிறது. கையை மேஜைமேல் அசையாமல் வைத்து எடுங்கள். ஒரு முறை 89 காட்டினால் பதறாமல் இன்னும் இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது என்றால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பிபி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கையில் காற்றுப் பட்டை இறுகாமல் வாட்ச் காட்டுவது கணிப்புதான். அந்த வசதியை முறையாகக் கொடுக்கும் சாம்சங்கூட, 28 நாளுக்கு ஒருமுறை புஜத்தில் கட்டும் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறது. அப்படி எதுவுமே கேட்காமல் 120/80 என்று காட்டும் மலிவு வாட்ச்சை வைத்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ ஆபத்து.

8. ஊசி குத்தாம சுகர் பார்க்கிற வாட்ச் ஆன்லைன்ல வருது. அப்பாவுக்கு வாங்கலாமா?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை சடாரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிலர் வாட்ச்சில் சுகர் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் புஜத்தில் ஒட்டும் சென்சார் போட்டிருப்பார்கள். மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும். வாட்ச் அதன் எண்ணைக் காட்டும் திரை மட்டும்தான்.

9. ஈசிஜி இருக்கிற வாட்ச் கட்டினா ஹார்ட் அட்டாக் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுமா?

சொல்லாது. ஆஸ்பத்திரி ஈசிஜி 12 கோணத்தில் இதயத்தைப் பார்க்கிறது, வாட்ச் ஒரே கோணத்தில். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க அது உதவும். அது பெரிய உதவிதான், ஏனென்றால் பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மாரடைப்பைக் கண்டறியாது என்று கம்பெனியே எழுதிக்கொடுக்கிறது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் "இயல்பு" என்று காட்டினாலும் 108-ஐ அழையுங்கள்.

10. அம்மாவுக்கு 68 வயசு, தனியா இருக்காங்க. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

அவர்கள் கீழே விழுந்தால் தகவல் வர வேண்டும் என்பது உங்கள் கவலையென்றால், விழுந்ததை உணரும் வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாம். ஆப்பிள் வாட்ச்சில் வயது 55-க்கு மேல் என்று பதிந்திருந்தால் அது தானாகவே இயங்கும். பலமாக விழுந்து ஒரு நிமிஷம் போல அசைவில்லாமல் இருந்தால் அவசர உதவியை அழைக்கும். இதற்கு இ-சிம் வேண்டும், அல்லது போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போன் ஹாலில் இருக்க, பாத்ரூமில் விழுந்தால் இணைப்பு எட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தினம் கழற்றிச் சார்ஜ் போட்டு மறுபடி கட்டும் பழக்கம் அம்மாவுக்கு வருமா? வராது என்று தோன்றினால் இரவு டிவி பார்க்கும் ஒரு மணி நேரத்தைச் சார்ஜ் நேரமாக வையுங்கள். அதுவும் நடக்காதென்றால், பெரிய எண்கள் போட்ட வெள்ளை டயல் குவார்ட்ஸ் வாட்ச்சும், கழுத்தில் தொங்கவிடும் பட்டன் போனுமே நல்ல ஏற்பாடு. அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் வாட்ச் யாரையும் காப்பாற்றாது.

11. வாட்டர் ப்ரூஃப்னுதான் சொன்னாங்க. குளிக்கும்போது கழட்டணுமா?

கழற்றுங்கள், எந்த வாட்ச்சாக இருந்தாலும். பின்மூடியில் 3 ஏடிஎம் அல்லது 30 மீட்டர் என்றிருந்தால் கை கழுவலாம், மழைத் தூறல் படலாம், அவ்வளவுதான். 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. அசையாத நீரில் கொடுத்த அழுத்தத்தின் அளவு அது. 5 ஏடிஎம் என்றால் ஆழமில்லாத நீச்சல், 10 ஏடிஎம் என்றால் தாராளமாக நீச்சல், ஆழ்கடல் டைவிங்குக்கு ஐஎஸ்ஓ 6425 தரம் பெற்ற 200 மீட்டர் வாட்ச். ஐபி67 என்பது 1 மீட்டர் நல்ல தண்ணீரில் 30 நிமிஷம். அதை வைத்து நீச்சல் குளத்தில் இறங்கக்கூடாது.

குளியலில் பிரச்சினை தண்ணீர் அல்ல, சோப்பும் வெந்நீரும். சோப்பு நீர் சின்ன இடுக்கிலும் புகும், ரப்பர் வாஷரைக் கெடுக்கும். வெந்நீர் ஆவி உள்ளே போய், வெளியே வந்து குளிர்ந்ததும் கண்ணாடிக்கு அடியில் மூட்டமாகப் படியும். அப்படிப் படிந்துவிட்டால் அரிசி டப்பாவில் போடுவதில் பயனில்லை. முள் வாட்ச்சை அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து காயவைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் விட்டால் துரு பிடித்து மெஷினே போய்விடும். கடலில் குளித்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு சாவிக் குமிழின் அடியில் தங்கி அரிக்கும்.

12. செல் மாத்தி மூணு மாசம்கூட ஆகல, வாட்ச் நின்னுடுச்சு. ஏன்?

பல காரணம் உண்டு. முதல் சந்தேகம் செல்மேல். பெரும்பாலான முள் வாட்ச்களில் இருப்பது 6.8 மி.மீ அகலம், 2.6 மி.மீ தடிமன் உள்ள 377 எண் செல். இதன் சரியான வகை எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ, சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். கடைசி வரை வோல்டேஜ் ஒரே சீராக நிற்கும். அதே அளவில் எல்ஆர் 626 என்று அல்கலைன் செல்லும் உண்டு. விலை மிகக் குறைவு. ஆனால் வோல்டேஜ் நாளுக்கு நாள் இறங்கும், சீக்கிரம் கசியும். சாலையோரத்தில் மிக மலிவாக மாற்றிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான். "எஸ்ஆர் செல்தானே?" என்று கேட்டு, செல்லின் முதுகில் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

செல் நல்லதாக இருந்தும் நின்றால் மெஷின் அதிகம் இழுக்கிறது. கணக்கு எளிது: 377 செல்லில் சுமார் 27 மில்லியாம்ப்-மணி. ஆரோக்கியமான மெஷின் 1 மைக்ரோஆம்ப் அளவு இழுக்கும், அதாவது வருஷத்துக்கு 9 மில்லியாம்ப்-மணி போல. ஆக 3 வருஷம் வரும். எண்ணெய் காய்ந்து பற்சக்கரம் பிசுபிசுத்தால் அந்த இழுப்பு பல மடங்காகி வருஷம்கூட வராது. அப்போது செல் மேல் செல் மாற்றுவது வீண். மெஷினைக் கழுவ வேண்டும், அல்லது மெஷினையே மாற்ற வேண்டும். சாதாரண குவார்ட்ஸ் மெஷின் விலை குறைவு, மாற்றுவதே லாபம்.

13. நானே வீட்ல செல் மாத்தலாமா?

சாதாரண வாட்ச் என்றால் தாராளமாக. முதலில் பின்மூடி எந்த வகை என்று பாருங்கள். ஓரத்தில் நகம் நுழையும் அளவு ஒரு பள்ளம் இருந்தால் அமுக்கு மூடி. மழுங்கின சின்னக் கத்தியை அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருப்பினால் திறக்கும். சுற்றிலும் ஆறு வெட்டு இருந்தால் மரை மூடி, அதற்குத் தனிச் சாவி வேண்டும். நான்கு மூலையில் குட்டி ஸ்க்ரூ இருந்தால் சரியான முனையுள்ள திருப்புளி. 10 ஏடிஎம்முக்கு மேற்பட்ட வாட்ச்சை வீட்டில் திறக்காதீர்கள், மூடியபின் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.

திறந்ததும் செல் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். இரும்பு இடுக்கி செல்லின் இரு முனையையும் தொட்டால் புதுச் செல்லே வடிந்துவிடும். செல்லுக்குப் பக்கத்தில் செம்புநிறத்தில் மினுங்கும் ஒரு சுருள் தெரியும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. இடுக்கியின் நுனி அதில் ஒரு கீறல் போட்டால் மெஷின் அத்தோடு போச்சு. வீட்டில் மாற்றிக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். புதுச் செல்லை விரலால் தட்டையாகப் பிடிக்காதீர்கள், விரல் எண்ணெய் மின்சாரத்தைக் கசியவிடும். ரப்பர் வாஷர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மூடியின் வெட்டு சாவித் தண்டுக்கு நேராக வரும்படி வைத்து, இரண்டு கட்டைவிரலால் அமுக்குங்கள். மூடவில்லையென்றால் மேலும் அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே அழுத்தும் கருவி இருக்கும், வீட்டில் முயன்றால் முன்கண்ணாடி உடையும்.

14. வினாடி முள் ரெண்டு ரெண்டா தாவுது. பழுதா?

இல்லை. செல் தீரப்போகிறது என்று பல குவார்ட்ஸ் வாட்ச்கள் இப்படித்தான் சொல்லும். நேரம் சரியாகவே இருக்கும். சில நாளில் மாற்றிவிடுங்கள். நின்றுபோன வாட்ச்சிலும் செல்லை விட்டுவைக்காதீர்கள். தீர்ந்த செல் மாதக்கணக்கில் உள்ளே இருந்தால் கசிந்து மெஷினைத் தின்றுவிடும். பீரோவில் பத்திரமாக வைத்த வாட்ச் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

15. ஆட்டோமேட்டிக் வாங்கினேன். சனி ஞாயிறு கழட்டி வெச்சா திங்கள் காலைல நின்னிருக்கு.

அதுதான் அதன் இயல்பு. கேள்வி 3-ல் சொன்ன என்எச்35 முழுதாக முறுக்கினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றினால் ஞாயிறு மதியம்வரை தாங்கும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் கை அதிகம் அசையாததால் வில் பாதிதான் நிரம்பியிருக்கும், சீக்கிரமே நிற்கும். நின்றால் சாவிக் குமிழை 20, 30 சுற்று மேல்நோக்கித் திருகி, நேரம் வைத்துக் கட்டுங்கள். சீகோவின் பழைய 7எஸ்26 மாதிரி சில மெஷின்களில் கையால் முறுக்க முடியாது. பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் ஓடத் தொடங்கும்.

தேதியை ராத்திரி 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே மாட்டியிருக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அது உடையும். முள்ளை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியை மாற்றுங்கள்.

16. நல்லா ஓடிட்டிருந்த சாவி வாட்ச் திடீர்னு நாளைக்கு அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது.

காந்தம் ஏறியிருக்கிறது. உள்ளே முன்னும் பின்னும் ஆடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சமநிலைச் சக்கரத்தின் மெல்லிய சுருளில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் சுருள் குட்டையாகும், சக்கரம் வேகமாக ஆடும். ஸ்பீக்கர், டேப்லெட் கவர், கைப்பையின் காந்தப் பொத்தான், ஸ்மார்ட் வாட்ச்சின் சார்ஜர் இவைதான் காரணம். இரண்டு வாட்ச்சையும் ராத்திரி ஒரே இடத்தில் வைப்பவர்கள் கவனியுங்கள்.

ஒரு திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோனால் திசைகாட்டியின் முள் துள்ளும். ரிப்பேர் கடையில் காந்த நீக்கியில் வைத்தால் சில வினாடிகளில் சரியாகிவிடும். "முழு சர்வீஸ் பண்ணணும்" என்று சொன்னால், முதலில் காந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

17. அப்பா கட்டின எச்எம்டி வாட்ச் இருக்கு. ஓடவைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. ஜனதா மாதிரியான 17 ஜூவல் (தேய்மானத்தைக் குறைக்கும் குட்டிக் கற்கள்) சாவி மெஷின்கள் அவ்வளவு ஏராளமாக வந்ததால், 2016-ல் உற்பத்தி மூடப்பட்ட பிறகும் உதிரிபாகம் கிடைக்கிறது. இந்த மெஷினைத் தெரிந்த ரிப்பேர்காரர்களும் இருக்கிறார்கள்.

முதலில் சாவியை இறுக்கி முறுக்காதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓட்டினால் ஊசி முனைகள் தேயும். கடையில் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, மெஷினை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்துக் கொடுப்பதும் நடக்கிறது. சில மாதம் ஓடிவிட்டு முன்பைவிட மோசமாகும். இரண்டு, டயலை மறுபடி பெயின்ட் அடிக்கக்கூடாது. மங்கிய டயல்தான் அப்பாவின் டயல். கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பழைய பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறல் பாலிஷில்கூடப் போய்விடும்.

ஓடத் தொடங்கியபின் தினம் காலையில் ஒரே நேரத்தில், இறுக்கம் தட்டும்வரை முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் கெட்டுவிடும் என்பது பரவலான பயம். முழுதாக முறுக்குவதால் கெடாது. இறுகியபின் பலவந்தம் செய்தால்தான் கெடும். 4, 5 வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் சர்வீஸ் போதும்.

18. ஆன்லைன்ல பளபளன்னு எச்எம்டி கம்மி விலைக்கு வருதே, வாங்கலாமா?

கம்பெனி மூடியபின் "புதிது" என்று பளிச்சென்ற நீலம், ஆரஞ்சு டயலோடு வருபவற்றில் பெரும்பாலானவை பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை. பழைய டயலின்மேல் புதிதாக அச்சடித்திருப்பார்கள். எழுத்தின் ஓரம் தடித்திருக்கிறதா, மணிக் கோடுகள் நிமிஷக் கோட்டுக்கு நேராக நிற்கின்றனவா, முள்ளின் நீளம் அந்தக் கோடுகளைத் தொடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மெஷினின் படம் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். அழகுக்காகக் கட்டுவதென்றால் உங்கள் விருப்பம், ஆனால் அசல் எச்எம்டியின் விலையைக் கொடுக்காதீர்கள்.

19. ஸ்ட்ராப் கட்டின இடத்துல அரிக்குது, கருக்குது. என்ன பண்ண?

சிலிக்கோன் பட்டையின் அடியில் வியர்வையும் சோப்பும் தங்குவதுதான் முதல் காரணம். தினம் கழற்றிக் கழுவி, கையும் பட்டையும் காய்ந்தபின் கட்டுங்கள். தூங்கும்போது கை மாற்றிக் கட்டலாம்.

முள் வாட்ச்சில் பின்மூடியைப் படியுங்கள். "பேஸ் மெட்டல்" என்றும் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்றும் இருந்தால், பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். உடல் பித்தளை அல்லது வேறு மலிவு உலோகத்தில் முலாம். நம் ஊர் வியர்வைக்கு அந்த முலாம் சில வருஷத்தில் உரியும், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் தடிக்கும். முழு ஸ்டீல் உடல் வாங்குவது நல்லது. ஸ்ட்ராப் மாற்றும்போது இரண்டு கொம்புக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொண்டு போங்கள்; பெரும்பாலும் 18, 20 அல்லது 22 மி.மீ இருக்கும். தோல் ஸ்ட்ராப் அழகுதான், ஆனால் பைக்கில் அலைபவர்களுக்கு வியர்வையில் சீக்கிரம் நாறும்.

20. பரீட்சைக்கு எந்த வாட்ச் கட்டிட்டுப் போகலாம்?

ஸ்மார்ட் வாட்ச்சுக்கு எந்தப் போட்டித் தேர்விலும் அனுமதி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ்சி சாதாரணக் கைக்கடிகாரத்தை அனுமதிக்கிறது. நீட் தேர்வில் முள் வாட்ச்சுக்கும் இடமில்லை. வருஷத்துக்கு வருஷம் விதி மாறக்கூடும், ஹால் டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதே கடைசி வார்த்தை. வாட்ச் அனுமதிக்கப்படும் தேர்வென்றால் கால்குலேட்டர் இல்லாத, சத்தம் போடாத, எண்கள் தெளிவாக உள்ள குவார்ட்ஸ் ஒன்றைக் கட்டிப் பழகுங்கள். முதல் நாளே செல்லைச் சோதியுங்கள்.

21. பேஸ்மேக்கர் வெச்சவங்க ஸ்மார்ட் வாட்ச் கட்டலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கட்டலாம். எச்சரிக்கை வேண்டியது சார்ஜரிலும் காந்தப் பட்டையிலும். பேஸ்மேக்கருக்கும் அவற்றுக்கும் நடுவே குறைந்தது 15 செ.மீ இருக்கட்டும். சார்ஜரைச் சட்டைப் பையில் போடக்கூடாது, கையை நெஞ்சில் வைத்துத் தூங்கும்போது காந்தப் பட்டை கூடாது.

22. ஆபீஸ்க்கு ஸ்மார்ட் வாட்ச், கல்யாணத்துக்கு டைட்டன்னு ரெண்டு வெச்சுக்கலாமா?

பலருக்கும் சரியான ஏற்பாடு அதுதான். டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கி, ஓசூரில் ஆலை போட்ட கம்பெனி டைட்டன். 2002-ல் அது கொண்டுவந்த எட்ஜ், மொத்தத் தடிமனே 3.5 மி.மீ. சட்டைக் கையின் அடியில் அப்படி அமரும் ஸ்மார்ட் வாட்ச் இன்னும் வரவில்லை.

கட்டாத நாள்களில் ஸ்மார்ட் வாட்ச்சை முழுக் காலியாக வைக்காதீர்கள். பாதி சார்ஜில் அணைத்துவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள். காலியாகவே கிடந்தால் பேட்டரி மறுபடி எழாது.

23. பழைய ஸ்மார்ட் வாட்ச்சை வித்துடலாம்னு பார்க்கிறேன். திரை லேசா தூக்கிட்டு நிக்குது, அதனால விலை குறையுமா?

விலையை விடுங்கள், அதை முதலில் கையிலிருந்து கழற்றுங்கள். திரை தூக்கினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி ஒட்டவோ, ஃபெவிக்விக் போடவோ, சார்ஜ் ஏற்றவோ கூடாது. பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும். பீங்கான் தட்டில், துணி, காகிதம் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கும்போது எரியும்.

பேட்டரி நன்றாக இருக்கும் வாட்ச்சை விற்பதென்றால் போனில் இணைப்பை நீக்கி, ஆப் கணக்கிலிருந்து எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆப்பிள் வாட்ச்சை இணைப்பு நீக்காமல் கொடுத்தால் உங்கள் கணக்கோடு பூட்டியே இருக்கும், வாங்கியவருக்கு உதவாது. தூக்க நேரம், துடிப்பு, நடந்த பாதை எல்லாம் ஆப் கணக்கிலும் தங்கியிருக்கும். வாட்ச்சைக் கொடுத்தபிறகு அந்தக் கணக்கிலும் போய் அவற்றை அழித்துவிடுங்கள்.